ஒன்பதாம் அறைக்குப் பலகை இல்லை

உட்காரு தாயி. பெஞ்சு எல்லாருக்கும் பொதுதான். நான் கொஞ்சம் தள்ளிக்கொள்கிறேன். ஒன்பதாம் அறைக்குத்தானே? நானும் அதே கதவுக்குத்தான் காத்திருக்கிறேன். எனக்குப் பிரஷர் மாத்திரை. உனக்கு? சர்க்கரையா? இந்த வயதிலா! சரிதான், காலம் அப்படி ஆகிவிட்டது. துப்பட்டாவை எடுத்து முகத்துக்குக் காற்று விடு. இந்தப் புழுக்கத்தில் மூக்கு வரை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே.

என்ன பார்க்கிறாய்? கிழவி புத்தகம் மாதிரி பேசுகிறாளே என்றா? நான் பள்ளிக்கூடம் போனதில்லை. சங்கத்து நோட்டீஸைப் படித்துத்தான் எழுத்து கற்றேன். ‘அன்பார்ந்த பீடித் தொழிலாளத் தாய்மார்களே’, இதுதான் எனக்கு அரிச்சுவடி. அதன் பிறகு நாற்பது வருஷம் மேடை. வாய் அப்படியே ஆகிவிட்டது. குழம்பில் உப்பு இல்லை என்று மருமகளிடம் சொன்னால்கூட, “கண்டனத் தீர்மானம் போடாதீங்க அத்தை” என்கிறாள்.

அந்தக் கதவைப் பார். என்ன எழுதியிருக்கிறது? ஒன்பது. அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான். பெரிய டாக்டரிடம் மனு கொடுக்கப் போகிறேன், பலகை வையுங்கள் என்று. பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு யார் பலகை கேட்கப் போகிறார்கள்? அங்கே எச்.ஐ.வி. மாத்திரையும் கொடுக்கிறார்கள் தாயி. போன மாதத்திலிருந்து. ஏன் குனிகிறாய்? அது என்ன கெட்ட வார்த்தையா? சட்டசபையிலேயே சொல்லியாயிற்று.

மெதுவாகவா? என்னால் மெதுவாகப் பேச முடியாது. பழக்கம் இல்லை.

சொர்ணத்தாய் என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டுப் பார், தெரியாதவர்கள் கிடையாது. இப்போது கொஞ்சம் பேருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தக் காலத்தில் பீடி சுற்றுகிறவர்கள் நாங்கள், கம்பெனி பாஸ்புக்கில் பேர் புருஷனுக்கு. சுளகை மடியில் வைத்து விடியவிடிய சுற்றியவளுக்குப் பேர் கிடையாது. கணக்குப்பிள்ளை கூப்பிடுவதே ‘மாடசாமி வீடு’, ‘சுடலைமுத்து வீடு’ என்றுதான். நாங்கள் என்ன, செங்கலும் சுண்ணாம்புமா? கடை வாசலில் குந்திக்கொண்டோம். எங்கள் பேரை எழுது, பிறகு பீடி இலையைக் கொடு என்றோம். போலீஸ் வந்தது, அடித்தது, ஜெயிலுக்குக் கொண்டுபோனது. ஜெயில் வாசலில் ஏட்டு கேட்டார், “பேரு என்னம்மா?” என் பேரை ஒருவர் கேட்டு எழுதியது அதுதான் முதல் தடவை. சத்தமாகச் சொன்னேன். இன்றைக்கும் இந்தத் தாலுகாவில் பீடி சுற்றுகிற ஒவ்வொரு பெண்ணின் பேரும் பாஸ்புக்கில் இருக்கிறது என்றால், அது யார் வாங்கிக் கொடுத்தது?

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேரின் அருமை தெரியவில்லை.

இரண்டு பேர் வந்தார்கள். இன்பராணி, ரசியா. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். இன்பராணி நர்சிங்கைப் பாதியில் விட்டவள். ரசியா பி.காம். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்து மாடியைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எல்லாரும் என்னைத் தோழர் என்பார்கள், இவர்கள் “பெரியம்மா” என்றார்கள். அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மாடியைக் கொடுத்தேன். கோரிக்கை நியாயமானது.

கோரிக்கை இதுதான். எச்.ஐ.வி. மாத்திரையைத் தினமும் சாப்பிட வேண்டும், ஆயுளுக்கும். நடுவில் விட்டால் பிறகு அதே மாத்திரை வேலை செய்யாது. ஆனால் அது கிடைப்பது மாவட்டத் தலைநகரில், பெரியாஸ்பத்திரியில். இரண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் நின்று, திரும்பினால் பொழுது போய்விடும். மாதாமாதம். கூலி போச்சு; எங்கே போனாய் என்று கேட்பவர்களுக்குப் பொய்யும் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையை நம் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே கொடுங்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். இதற்கு ஒரு மறியல் போதும் என்று நான் சொன்னேன்.

“மறியல் வேண்டாம் பெரியம்மா. எம்.எல்.ஏ.வைப் பாத்துப் பேசலாம்” என்றாள் இன்பராணி.

“எம்.எல்.ஏ.வையா? கோமதிநாயகத்தையா? அவன் காரை நான் எத்தனை தடவை மறித்திருக்கிறேன் தெரியுமா?”

“தெரியும். அதான் உங்களைக் கூட்டிட்டுப் போகலாமா வேண்டாமான்னு யோசிக்கோம்” என்றாள் ரசியா. அவளுக்கு நாக்கு நீளம்.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் பெண்கள் வருவார்கள், பத்துப் பதினைந்து பேர். யார் யாருக்கு நோய் இருக்கிறது, யார் உதவிக்கு வந்தவர்கள் என்று கேட்டேன். “அதைக் கேக்கக்கூடாது பெரியம்மா. எங்க கூட்டத்துல இருக்கிற ஒரே சட்டம் அதுதான்” என்றாள் இன்பராணி. இந்த இன்பராணிக்கு இருக்கிறதா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சங்கம் என்றால் உறுப்பினர் கார்டு உண்டு, சந்தா உண்டு, பேர் உண்டு. இங்கே டீயும் பிஸ்கட்டும்தான் உண்டு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்தவள் ஆவுடை. என்னோடு பீடி சுற்றிய நல்லம்மாளின் மகள். லாரி ஓட்டிய புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். கையில் ஒரு மகன், இரண்டாம் வகுப்பு. ஊர்க் கோடியில் இருக்கிற நர்சரிப் பள்ளியில் ஆயா வேலை. என்னைப் பார்த்ததும் நடுப்படியில் நின்றுவிட்டாள்.

“ஏட்டி ஆவுடை, ஏறி வா. என்ன பேயைப் பாத்த மாதிரி நிக்க?”

“யாருட்டயும் சொல்லிராதீங்க அத்தை” என்றாள்.

நான் யாரிடம் சொல்லப் போகிறேன்? வீடு வீடாகப் புறம் பேசித் திரிகிற ஆளா நான்?

அவள் நன்றாகப் பேசுவாள் தாயி. மாதாமாதம் பள்ளியில் லீவுக்கு என்ன பொய் சொல்கிறாள் என்று நடித்துக் காட்டுவாள். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லிச் சொல்லி, “எங்க மாமியாருக்கு இதுவரைக்கும் ஏழெட்டுக் கண்ணு ஆச்சு அத்தை” என்பாள். மாடியே சிரிக்கும். அவளிடம் ஒரு தலைவி இருக்கிறாள் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பிறகு எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனோம். என்னை வாயே திறக்கக்கூடாது என்று கூட்டிப்போனார்கள். கோமதிநாயகம் என்னைக் கண்டதும், “வாங்க சொர்ணக்கா, கார் உள்ளதான் நிக்கி, மறிக்கீங்களா?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ரசியா அரைப்பக்கத் தாள் ஒன்றை நீட்டினாள். சட்டசபையில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை வருகிறது, அதில் இதைப் பேசுங்கள் என்றாள்.

அவர் படித்தார். “அந்த... நோயினால் பாதிக்கப்பட்ட...”

“அந்த நோய் இல்லைங்கய்யா. எச்.ஐ.வி.” என்றாள் இன்பராணி.

“அதாம்மா. சபையில எப்படி...”

“இங்க ஒரு தடவை சொல்லிப் பழகிக்கோங்க. சபையில தானா வரும்.”

ஒரு எம்.எல்.ஏ.வை நர்சரிப் பிள்ளை மாதிரி சொல்லச் சொல்கிறாள்! அவரும் சொன்னார். மூன்றாம் தடவை சரியாக வந்தது. பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார், “ஏம்மா, தப்பா எடுத்துக்காத. நம்ம தொகுதியில இதுல எத்தனை ஓட்டு இருக்கும்?”

இன்பராணி என்ன சொன்னாள் தெரியுமா? “எங்க ஆளுங்க யாருன்னு யாருக்கும் தெரியாதுய்யா. அதனால தொகுதியில எல்லாருமே எங்க ஆளுதான்னு நினைச்சுப் பேசுங்க. அதுதான் உங்களுக்கு நல்லது.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ வரவழைத்தார். எனக்கு அந்த டீ இறங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்து உரிமையைக் கேட்பதா? உரிமையைத் தெருவில் கேட்க வேண்டும்.

அவர் பேசத்தான் செய்தார். மாடியில் எல்லாரும் ஒரு செல்போனைச் சுற்றி நின்று பார்த்தோம். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. எச்.ஐ.வி. என்ற வார்த்தை தடுக்காமல் வந்தது. பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆவுடை அழுதாள். அமைச்சர் எழுந்து, ‘அரசின் பரிசீலனையில் உள்ளது’ என்றார். நான் சொன்னேன், போச்சு, இனி இது எழுந்திருக்காது என்று. பரிசீலனை என்ற வார்த்தையோடு நான் குடும்பமே நடத்தியிருக்கிறேன்.

நான் சொன்னதுதான் நடந்தது. மாதங்கள் போயின. இவர்கள் கடிதம் எழுதுவார்கள், எம்.எல்.ஏ.வின் உதவியாளருக்குப் போன் போடுவார்கள், சென்னைக்கு ஒரு தடவை போய் வந்தார்கள். நகர்கிறது, நகர்கிறது என்பார்கள். எது நகர்ந்ததோ. இதற்கு நடுவில் பெரியாஸ்பத்திரியில் மாத்திரைத் தட்டுப்பாடு. மாதத்துக்குக் கொடுப்பதை விட்டுப் பத்து நாளைக்குத்தான் கொடுத்தார்கள். ஆவுடை மாதத்தில் மூன்று தடவை அலைந்தாள். பள்ளித் தாளாளர் அம்மா, “உங்க மாமியாரை ஒரேயடியா ஆஸ்பத்திரியிலேயே சேத்திருங்க” என்று சொல்லிவிட்டாள். வேலை ஆட்டம் காண ஆரம்பித்தது.

அப்போது நான் மேஜையைத் தட்டிச் சொன்னேன்: ஆர்ப்பாட்டம். பஸ் ஸ்டாண்டு முன்னால். என் பீடிப் பெண்கள் இருநூறு பேரை இறக்குகிறேன்.

ரசியா முடியவே முடியாது என்றாள். இன்பராணி ரொம்ப நேரம் யோசித்தாள். கடைசியில் சம்மதித்தாள். அதற்கும் ஒரு நிபந்தனை. “எங்க பொம்பளைங்க வருவாங்க. ஆனா உங்க பீடிப் பொம்பளைங்க நடுவுல கலந்து நிப்பாங்க. யாரு யாருன்னு யாருக்கும் தெரியக்கூடாது. கோரிக்கையை மட்டும் பேசுங்க, பெரியம்மா. ஆளைப் பேசாதீங்க.”

சரி என்றேன். சரி என்றுதான் சொன்னேன்.

கூட்டம் எப்படிக் கூடியது தெரியுமா? பஸ் உள்ளே வர முடியவில்லை. ரொம்ப வருஷத்துக்குப் பிறகு என் கையில் மைக். கோமதிநாயகத்தைச் சட்டசபையில் தூங்கும் சிங்கம் என்று ஒரு பிடி பிடித்தேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. முன்வரிசையில், பீடிப் பெண்களுக்கு நடுவில் ஆவுடை. கையை உயர்த்திக் கோஷம் போடுகிறாள். நல்லம்மாள் சின்ன வயதில் நின்ற மாதிரியே இருந்தது.

தாயி, நீ மேடை ஏறியிருக்கிறாயா? ஏறியிருந்தால் தெரியும். எங்கள் வழக்கம் என்று ஒன்று உண்டு. பாடுபட்டவளை மேடையில் ஏற்றி, பேரும் ஊரும் சொல்லி, துண்டு போர்த்த வேண்டும். போர்த்தாமல் கூட்டத்தை முடித்தால் அது மரியாதைக்குறைவு. என் தோளில் சிவப்புத் துண்டு இருந்தது. எனக்குப் போர்த்தியது. அதை எடுத்தேன். “மாத்திரைக்காக மாதம் மூன்று தடவை அலைந்தும் மனம் தளராத வீரப்பெண், நமது கீழத்தெரு நல்லம்மாளின் மகள் ஆவுடையம்மாள் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்” என்றேன்.

கூட்டம் கைதட்டியது. அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கூச்சப்படுகிறாள் என்று பக்கத்தில் இருந்த பெண்கள்தான் தூக்காத குறையாக ஏற்றிவிட்டார்கள். நான் போர்த்தினேன். இருநூறு பேர் ஓயாமல் கைதட்டினார்கள். எனக்கே அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நெகிழ்ச்சி. நான் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். மேடைக்குக் கீழே இன்பராணி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவனெவனோ செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

மறுநாள் காலையில் சங்கத்துப் படியில் அந்தத் துண்டு மடித்து வைத்திருந்தது.

பள்ளியில் அவளை உள்ளே விடவில்லை. பெற்றோர்கள் வந்து நின்றார்களாம், எங்கள் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுகிறவள் இவள்தானா என்று. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இன்பராணியும் ரசியாவும் வந்தார்கள். அப்படி ஒரு கோபத்தை நான் போலீஸிடம்கூடப் பார்த்ததில்லை.

“அவ பேரைச் சொல்ல உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?” என்றாள் ரசியா.

“அவளை நான் மேடை ஏற்றினேன் பிள்ளை. கீழே தள்ளவில்லை.”

“கோரிக்கையை மட்டும் பேசுங்கன்னு சொன்னோமா இல்லையா?”

“பேசினேனே. கடைசியில் ஒரே ஒரு நிமிஷம்தான்...” என்று சொல்லி, உடனே வழியும் சொன்னேன். “பள்ளிக்கூடம் செய்தது சட்டவிரோதம். வா, நாளைக்கே வாசலில் உண்ணாவிரதம் உட்காருகிறேன். மைக் கட்டு.”

ரசியா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. “கட்டலாம். இன்னொரு தடவை அவ பேரைச் சொல்லணும், அதுதானே?”

இன்பராணி மாடிச் சாவியை மேஜையில் வைத்தாள். அதன் பிறகு இருவரும் படியேறவில்லை.

ஆவுடை மகனைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டாள். திருப்பூர்ப் பக்கம் என்கிறார்கள். மாத்திரைச் சீட்டை அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கூட வாங்கிக்கொள்ளவில்லையாம். அங்கே மாத்திரை வாங்குகிறாளா, விட்டுவிட்டாளா என்று தெரியவில்லை. ரசியா அங்கே உள்ளவர்களிடம் விசாரித்துக்கொண்டே இருக்கிறாள். ஆவுடைக்குப் போன் போகவில்லை. என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் விட்டிருக்க மாட்டேன். எங்கள் காலத்தில் நாங்கள் அடி வாங்கியும் ஊரிலேயே நின்றோம். இவள் ஏன் ஓடினாள்? அதுதான் எனக்கு ஆறவில்லை.

இதோ பார், கடைசியில் மாத்திரை வந்துவிட்டது. ஆடியில் ஆர்ப்பாட்டம், மாசியில் ஆணை. ஆர்ப்பாட்டத்தால் வந்ததா இல்லையா, நீயே சொல். ரசியா சொல்கிறாள், ஐப்பசியிலேயே வந்திருக்குமாம். தூங்கும் சிங்கம் என்று நான் சொன்னதில் கோபித்துக்கொண்டு எம்.எல்.ஏ. இவர்களைப் பார்க்கவே மறுத்துவிட்டாராம். மறுபடி அவர் வீட்டு வாசலில் போய் நின்று, சமாதானம் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தார்களாம். சொல்லட்டும். வரலாற்றை அவரவர் வசதிக்குச் சொல்வார்கள்.

திறப்பு விழா என்று ஒன்று நடக்கவில்லை. ரிப்பன் இல்லை, கல்வெட்டு இல்லை. எம்.எல்.ஏ. ஒரு நாள் பிரஷர் பார்க்கிற மாதிரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம். எனக்கு அழைப்பும் இல்லை. பிரஷர் மாத்திரைக்கு வந்த இடத்தில், ஊசி போடுகிற பெண் சொல்லித்தான் எனக்கே தெரியும். எல்லா மாத்திரையும் ஒரே ஜன்னல், ஒரே வரிசை, எல்லாருக்கும் ஒரே மாதிரிக் காகிதப் பை. பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சீட்டு நம்பர்தான். எல்லாம் இந்தப் பிள்ளைகளின் ஏற்பாடு. ரசியா காலையில் உள்ளே உட்கார்ந்து உதவி செய்கிறாள். நான் போனால் என்னையும் சீட்டு நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். என்னை! சொர்ணத்தாயை!

அதனால்தான் மனு. எச்.ஐ.வி. மாத்திரை இங்கே கிடைக்கும் என்று வாசலில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை. அதன் கீழே போராடியவர்களின் பேர். முதல் பேர் ஆவுடையம்மாள். என் பேர் கடைசியில் இருந்தால் போதும்.

எதிர்ப் பெஞ்சுக்காரன் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். அவனுக்கும் தெரியட்டும். ஏன் தாயி, துப்பட்டாவைக் கண் வரை இழுத்துக்கொள்கிறாய்? இந்தப் புழுக்கத்தில் குளிருகிறதா? காலையில் சாப்பிட்டாயா? சர்க்கரை இறங்கினால் இப்படித்தான் இருக்கும்.

எழுந்துவிட்டாயா? அது வாசல். ஒன்பது இந்தப் பக்கம். சீட்டைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போகிறாயே. இதோ, பதினாலு. அடுத்தது நீதான். மாத்திரை வாங்காமல் போகலாமா? தாயி! ஏ தாயி! ஏன் ஓடுகிறாள்?

என்ன ரசியா, கதவிலிருந்து எட்டிப் பார்க்கிறாய்? பதினாலா? இங்கேதான் இருந்தாள், என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நம் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதோ, கேட்டைத் தாண்டிவிட்டாள். இரு, நீ ஓடாதே, நான் கூப்பிடுகிறேன். என் குரலுக்கு மைக் வேண்டாம், பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். அவள் பேர் என்ன? சொல்லு பிள்ளை, சீக்கிரம். என்ன முறைக்கிறாய்? பேரைச் சொன்னால்தானே கூப்பிட முடியும்!